பால் ரோப்சனின் இளமையும் கலையும்

(நமது சங்க மாணவர் விடுதியின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் ஒரு பெரியாரின் சரிதத்தை எடுத்துரைக்குமாறு காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தார்கள். இவ்விடுதியில் வதியும் பிள்ளைகளுட் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தவர்கள் என்றும் சொன்னார்கள். அதனைக் கேட்டமாத்திரத்தில் என் நினைவுக்கு வந்தவர் அமெரிக்க நாட்டு நடிகரும் பாடகருமாகிய பால் ரோப்சன். அவருடைய பிற்காலத்து அரசியற் போராட்டங்கள் தனியொரு பெருங்கதை. அதனுள் யான் இன்று புகேன். அவர் எங்ஙனம் பாடகரானார் என்பதொன்றே என் பொருள்.

அவர் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், நியூ ஜெர்சி மாகாணத்துப் பிரின்ஸ்டன் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூரில் பெயர்பெற்ற சர்வகலாசாலை ஒன்று உண்டு. அந்நாளில் அது கறுப்பின மாணாக்கரைச் சேர்ப்பதில்லை. தந்தையார் வில்லியம் ட்ரூ ரோப்சன் வட கரோலினாவில் ஒரு பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். பதினைந்தாம் பிராயத்தில் அங்கிருந்து தப்பியோடி, பின்னர் லிங்கன் சர்வகலாசாலையிற் படித்துப் பட்டம் பெற்று, பிரின்ஸ்டன் தேவாலயமொன்றில் குருவாக அமர்ந்தார். 1901இல் அப்பதவியினின்றும் நீங்க நேர்ந்தது. குருவாயிருந்த அம்முதியவர் குதிரை வண்டி ஒன்று வைத்துக்கொண்டு வீடுதோறும் அடுப்புச் சாம்பலை வாரிச்சென்று பிழைத்தார். அதனை இழிவென்று அவர் ஒருநாளும் கருதியதில்லையாம். பிள்ளைகளும் அவரிடம் ஒரு முறையீட்டுச் சொல்லைக் கேட்டதில்லை.

1904இல் வேறொரு துயரம் வந்துற்றது. ஆசிரியையாயிருந்த தாயார் மரியா லூயிசாவுக்கு அப்போது கண்பார்வை பெரிதும் மங்கியிருந்தது. அடுப்பின் நெருப்பு ஆடையிற் பற்றி அவ்வம்மையார் உயிர் நீத்தார். பாலுக்கு அப்போது ஆறு வயதும் நிரம்பவில்லை. அதன்பின் தாயும் தந்தையுமாய் நின்றவர் அந்தச் சாம்பல் வண்டிக்காரரே. பின்னாளில் சாமர்வில் என்னும் ஊரில் மீண்டும் தேவாலயப் பணி கிடைத்தது. வர்ஜிலையும் ஹோமரையும் மகனோடு உடனிருந்து படிப்பார். பேச்சுப் போட்டிக்கு அவனைத் தயார்செய்வார். சொல்லை விழுங்காமல் திருத்தமாக உச்சரிக்கப் பழக்குவார். பிற்காலத்தில் அரங்கின் கடைசி வரிசையில் இருந்தாருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டதென்றால், அவ்வித்தையின் முதற்குரு இவரே. உயர்தரப் பள்ளியில் அன்னா மில்லர் என்னும் ஆங்கில ஆசிரியை பாலுக்கு ஒதெல்லோ வேடமிட்டுப் பழக்கினார். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவேன்.

1915இல் மாகாணப் பரீட்சை ஒன்றில் வென்று, உபகாரச் சம்பளத்துடன் ரட்கர்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரியின் சரித்திரத்தில் அவர் மூன்றாவது கறுப்பின மாணவர். பந்தாட்டக் குழுவிற் சேர முயன்ற முதல் நாளே உடன் ஆடிய வெள்ளை மாணாக்கர் அவர் மூக்கை உடைத்துத் தோளையும் பிசகச் செய்தனர். நாட்கணக்கிற் படுக்கையிற் கிடந்தார். விட்டுவிடலாமா என்ற எண்ணம் எழாமலில்லை. ஆனால், தான் அங்கே தனியாக நிற்கவில்லை, கல்லூரிக்கு வர விரும்பும் எத்தனையோ கறுப்பினப் பிள்ளைகளின் பிரதிநிதியாய் நிற்கிறான் என்று தந்தையார் முன்னமே உணர்த்தியிருந்தார். எழுந்து மறுபடியும் ஆடப் போனார். ஒருவன் பூட்ஸ் காலால் அவர் கையை மிதித்து நகங்களைப் பெயர்த்தான். அடுத்த ஆட்டத்தில் அவனையே தலைக்குமேல் தூக்கிவிட்டார் ரோப்சன்! பயிற்சியாளர் அக்கணமே அவரைக் குழுவிற் சேர்த்துக்கொண்டார். 1917, 1918 ஆகிய இரண்டாண்டும் அமெரிக்கா முழுவதிலுமிருந்து பொறுக்கிய சிறந்த ஆட்டக்காரருள் ஒருவராக அவர் பெயர் வெளியாயிற்று. கல்லூரிப் பாடகர் குழுவோ, வெளியூர் சென்றால் விருந்துக்கு உடனிருக்க நேருமென்று அவரை அழைத்துச் செல்லவில்லை. பந்துக்கு வேண்டிய கை, பந்திக்கு வேண்டாததாயிற்று!

1923இல் கொலம்பியா சர்வகலாசாலையில் சட்டப் பட்டம் பெற்று, நியூயார்க்கில் ஒரு நியாயவாதக் கம்பெனியில் அமர்ந்தார். ஒருநாள் வழக்குக் குறிப்பொன்றை எழுதிக்கொள்ளுமாறு சுருக்கெழுத்துக்காரியிடம் சொல்ல, கறுப்பன் சொல்லத் தான் எழுதுவதில்லை என்று அவள் மறுத்துவிட்டாள். அவ்வுத்தியோகத்தை அவர் விட்டொழித்தார். இத்தனை பட்டமும் ஒரு தாள் குறிப்புக்கு உதவாமற் போயிற்றே என்று அக்கதையைப் படித்தபோது என் மனம் கொதித்தது. வாயில்கள் கல்விக்கு மட்டும் திறப்பன அல்ல என்பதை இங்குள்ள பெரியோர் அறிவர்.

நாடகத்தில் அவருக்கு முன்னரே சிறிது பழக்கம் உண்டு. மனைவியார் எஸ்லாண்டாவும் ஊக்கினார். 1924இல் யூஜீன் ஓ நீல் இயற்றிய நாடகமொன்றில், வெள்ளைப் பெண்ணை மணந்த கறுப்பினக் கணவனாக நடிக்க ஒப்பினார். அதிற் கதாநாயகி அவன் கையை முத்தமிடும் இடம் ஒன்றுண்டு. செய்தி பரவியதும் மிரட்டற் கடிதங்கள் குவிந்தன. நகராட்சியார் முதற் காட்சியிற் குழந்தைகள் நடிக்க அனுமதி மறுத்தனர். நடத்துவோர் அக்காட்சியைச் சபையோருக்கு வாசித்துக் காட்டிவிட்டு நாடகத்தைத் தொடர்ந்தனர். அஞ்சிய கலகம் ஒன்றும் நிகழவில்லை.

இனி, யான் சொல்ல வந்த பொருளுக்கு வருகிறேன். பருத்திக் காட்டில் வேலை செய்த அடிமைகள் தம் துயரையும் பக்தியையும் கலந்து பாடிய பாடல்கள் பல உண்டு. இயற்றியவர் பெயர் தெரியாது. ஏட்டில் எழுதினாரும் இல்லை. 1871 முதல் ஃபிஸ்க் கல்லூரி மாணாக்கர் அவற்றை ஊரூராகப் பாடித் தம் கல்லூரிக்குப் பொருள் திரட்டினர். எனினும் விடுதலைக்குப்பின் கல்வி பெற்ற கறுப்பினத்தாரிற் பலர் அவற்றை வெட்கத்திற்குரியனவாகவே எண்ணினர். அடிமைத்தனத்தை நினைவூட்டுவதை மேடையேற்றலாமா என்பது அவர்தம் கேள்வி. ரோப்சனுக்கு அவை தந்தையின் தேவாலயத்திற் கேட்ட பாட்டுக்கள். முறையாகச் சங்கீத சிட்சை பெறாதவர். குரலோ கிணற்றின் அடியிலிருந்து எழுவதுபோல் ஆழ்ந்தது. லாரன்ஸ் பிரௌன் என்னும் பியானோ வித்துவான் அவருடன் சேர்ந்தார். 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் நாடக சாலையில், ஆதிமுதல் அந்தம்வரை தம் இனத்துப் பாடல்களையே கொண்டு இருவரும் ஒரு கச்சேரி செய்தனர். இடமின்றி நின்றவர் பலர். பியானோ வாசித்துக்கொண்டே பிரௌன் மேற்குரலில் எதிர்ப்பாட்டுப் பாடினார். வயலில் ஒருவர் பாட மற்றவர் ஏற்பது அப்படியே மேடையில் நிகழ்ந்தது. குறித்த பாட்டுக்கள் முடிந்தும் சபை எழுந்து போகவில்லை. மீண்டும் மீண்டும் பாடவேண்டியதாயிற்று.

பிள்ளைகளே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நும் பாட்டிமார் பாடும் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் நண்பர்முன் கேட்க நாணியவர் உங்களுள் எத்தனைபேர்? யானும் ஒருகாலத்தில் நாணியவனே. என் பாட்டியாரிடமிருந்து ஒரு பாட்டையேனும் எழுதிக்கொள்ளாமற் போனேன். இப்போது கேட்க அவர் இல்லை.

அதன்பின் புகழ் விரைந்து வந்தது. 1928இல் இலண்டன் ட்ரூரி லேன் நாடகசாலையில் ‘ஷோ போட்’ நாடகத்திற் பாடினார். 1929இல் அந்நகரத்து சவாய் ஹோட்டல் உணவுச்சாலை, கறுப்பினத்தவர் என்று அவருக்கு இடந்தர மறுத்தது. அடுத்த ஆண்டு, அதே பெயர்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்ற சவாய் நாடகசாலையில், பெக்கி ஆஷ்க்ராஃப்ட் டெஸ்டிமோனாவாக நடிக்க, ஒதெல்லோவாக மேடையேறினார் ரோப்சன். சாமர்வில் பள்ளியில் அன்னா மில்லர் பழக்கிய வேடம் அதுவே. 1943இல் நியூயார்க்கில் அவ்வேடத்தையே மீண்டும் தாங்கியபோது அந்நாடகம் 296 முறை நடந்தது.