பாதி மலை ஏறுமுன் 127 சொற்கள்!



பத்துமலைக் கோயிலுக்கு எத்தனை படிகள்? கேட்ட மாத்திரத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்: 272. சரி, ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் அமைந்த சொற்கள் எத்தனை? இதற்குப் பெரியவர்களும் விழிப்பார்கள்.

ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டத்தின் உலகப் போட்டிகளில் கோலின்ஸ் சொற்பட்டியல் பயன்படுகிறது. அதன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டெழுத்துச் சொற்கள் 127. படிக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே ஏறினால், பாதி மலை ஏறுமுன்பே பட்டியல் முடிந்துவிடும். கடல் என்று பயந்த ஆங்கிலத்தின் ஒரு மூலை இவ்வளவுதான்!

இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பலர், ‘ஆங்கிலம் எனக்கு வராது’ என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்களுக்குத்தான் அது சொந்தம் என்ற எண்ணம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. வகுப்பில் எழுந்து கேள்வி கேட்க வாய் வருவதில்லை. பின்னால் நேர்முகத் தேர்விலும் அதே தயக்கம். பிள்ளையிடம் அறிவு இருக்கிறது. சொல் கைவசம் இல்லை. அதுதான் குறை.

வென்றவர்கள் யார்?

2007இல் மும்பையில் உலக ஸ்கிராபிள் போட்டி நடந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்த இருவரில் ஒருவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். இறுதியில் தோற்றாலும் உலகின் இரண்டாம் இடம் அவருக்கு. அதே 2007இல் 25 பேருடன் ஒரே நேரத்தில் ஆடி, 21 பேரை வென்று கின்னஸ் சாதனையும் படைத்தார்.

2003இல் இதே உலகப் போட்டி கோலாலம்பூரில் நடந்தபோது வென்றவர் தாய்லாந்து இளைஞர் பாணுபோல் சுஜ்ஜயகோர்ன். 2009இல் ஜொகூர் பாருவில் வென்ற பக்கோர்னும் தாய்லாந்துக்காரர்தான். லண்டனில் பிறந்தவரும் நியூயார்க்கில் வளர்ந்தவரும் கலந்துகொள்ளும் போட்டியில் கோப்பை பாங்காக் போனது. எப்படி? அவர்கள் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார்கள். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது சொல்லுக்கும் பொருந்தும்.

எழுத்தைப் பிடித்தால் சொல் வரும்

இந்த ஆட்டத்தைக் கண்டவர் ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்திருந்தவர். செய்தித்தாளை விரித்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். அடிக்கடி வரும் ‘இ’க்கு 12 வில்லைகள், அரிதாக வரும் ‘கியூ’வுக்கு ஒன்றே ஒன்று, ஆனால் அதற்குப் பத்துப் புள்ளிகள். கையில் ஏழு எழுத்து. அவற்றில் ஒளிந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கண்ணின் விழித்திரைக்கு ஆங்கிலத்தில் ‘ரெட்டினா’. அதில் ஆறு எழுத்து. அவற்றோடு ‘ஜி’ சேர்த்துக் கலைத்து அடுக்கினால் ‘கிரானைட்’. ‘சி’ சேர்த்தால் ‘சர்ட்டன்’, அதாவது உறுதி. ‘எம்’ சேர்த்தால் ‘மினாரெட்’, பள்ளிவாசலின் கோபுரம். ஒரு சொல்லைப் படித்தவனுக்கு இன்னும் பல சொற்கள் கூடவே வருகின்றன.

பலகை வாங்கப் பணம் இல்லையா? வேண்டாம். சாலைக்கு வாருங்கள். கிள்ளானிலிருந்து பத்துமலைக்கு வரும் வழியில் நெரிசலில் நிற்காத குடும்பம் உண்டா? முன்னால் நிற்கும் காரின் எண் பலகையைப் பாருங்கள். ‘டபிள்யூ, டீ, ஆர்’ என்று இருக்கிறதா? இந்த மூன்று எழுத்தும் இதே வரிசையில் வரும் சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். ‘வாட்டர்’ என்பான் மகன். ‘விண்டர்’ என்பாள் மகள். ‘ரைட்டர்’ என்று அப்பா சொன்னால், ‘அதற்கு டபிள்யூ எங்கே?’ என்று சண்டை வரும். வரட்டும்! ஒலிக்காத எழுத்து ஒன்று முன்னால் நிற்பதை அந்தப் பிள்ளை இனி ஆயுளுக்கும் மறக்காது.

அடுத்தது சிலாங்கூர் வண்டி: ‘பி, கே, டீ’. பக்கெட், பாஸ்கெட், பிளாங்கெட்... கொஞ்சம் யோசித்தால் ‘பிரேக்ஃபாஸ்ட்’டும் வரும். நெரிசல் தீர்வதற்குள் நான்கு சொல் லாபம்.

அந்நியர் வீடு அல்ல

அந்த ஆங்கிலச் சொற்குவியலைக் கிளறினால் நமக்குத் தெரிந்த முகங்களும் தென்படும். கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆகியிருக்கிறது. சுருட்டு ‘செரூட்’ ஆகியிருக்கிறது. மிளகுத் தண்ணீர் ‘மல்லிகட்டானி’ என்ற பெயரில் சூப்பாக உட்கார்ந்திருக்கிறது. மலாய் மொழியிலிருந்து ரம்புத்தானும் டுரியானும் சாத்தேயும் போயிருக்கின்றன. தாத்தா வீட்டுப் பொருள் அங்கே இருக்கும்போது வாசலில் நின்று தயங்குவானேன்?

‘ஆங்கிலச் சொல்லைத் தேடினால் தமிழ் தேயாதா?’ என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. எழுத்தை வைத்து விளையாடுவது தமிழனுக்குப் புதிதா? அருணகிரிநாதரின் கந்தர் அந்தாதியில் தகர வரிசை எழுத்துகளை மட்டுமே கொண்டு அமைந்த பாடல் உண்டு. முன்னும் பின்னும் ஒன்றுபோல் படிக்கும் மாலைமாற்றைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். அதே எண் பலகை விளையாட்டைத் தமிழிலும் ஆடலாமே! ஒரு நாள் ‘ழ’ வரும் சொல், மறுநாள் ‘ஞ’ வரும் சொல். ஒரு மொழியில் எழுத்தைக் கூர்ந்து பார்க்கப் பழகிய கண் மறுமொழியிலும் கூர்ந்து பார்க்கும்.

ஓர் எச்சரிக்கை

மும்பையில் கணேஷை வென்ற நைகல் ரிச்சர்ட்ஸ், நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழ்பவர். ஐந்து முறை உலக வெற்றியாளர். 2015இல் அவர் பிரெஞ்சு மொழிப் போட்டியிலும் உலகப் பட்டம் வென்றார். ஆனால் அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! சொற்பட்டியலை மனப்பாடம் செய்தே வென்றார். ஆட்டத்துக்கு அது போதும். வாழ்க்கைக்குப் போதுமா? நேர்முகத் தேர்வில் எழுத்தடுக்கி யாரும் வேலை தருவதில்லை.

ஆகவே ஒரே ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்த சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டும். அதை வைத்து ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். அப்போதுதான் புள்ளி. பொருள் தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டட்டும். பெற்றோருக்கும் தெரியாதா? வெட்கமே வேண்டாம். பிள்ளையோடு சேர்ந்து புரட்டுங்கள். அப்பாவும் அம்மாவும் தேடுவதைப் பார்க்கும் பிள்ளைக்குத் தெரியாமை அவமானமாகத் தோன்றாது.

அடுத்த முறை பத்துமலைக்குப் போகும்போது இதைச் செய்து பாருங்கள். முதல் படியில் பிள்ளையிடம் ஓர் எழுத்தைக் கொடுங்கள். படிக்கு ஒரு சொல், சொல்லுக்கு ஒரு பொருள். இருபதாவது படியில் நின்றுவிட்டால் கவலையில்லை. ‘எனக்கு வராது’ என்ற வாயிலிருந்து இருபது சொற்கள் வந்திருக்கின்றன அல்லவா? மீதிப் படிகள் எங்கேயும் போய்விடாது.