பழைய கதிரையும் புதிய வீடும்

(எமது மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சமயமும் தமிழும் முழங்க வேண்டிய இம்மேடையில் உடைந்த கதிரையைப் பற்றிப் பேச ஒருவர் எழுந்து நிற்கிறாரே என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. செயலாளர் தம்பி எமக்குத் தந்த தலைப்பு "குடும்பச் சிக்கனம்". அரிசியைக் குறைத்துச் சமையுங்கள் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்து நின்றபோது, நம்மவர் அடுப்புகளில் அரிசி யாரும் சொல்லாமலே குறைந்துவிட்டது. ஆனால் அதே காலத்தில் அதே வீடுகளிலிருந்து மாதந்தோறும் தவணைப் பணம் தவறாமற் போய்க்கொண்டிருந்தது. எதற்காக? கதிரைக்காக, கட்டிலுக்காக, அலுமாரிக்காக. ஆகவே அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

பிறர் வீட்டுக் கதையைச் சொல்வது முறையல்ல. எமது வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறோம்.

2017ஆம் ஆண்டு எமது தம்பிக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. பெண் வீட்டார் வந்து பார்க்கும்போது வீடு கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டுமென்று செற்றியும், கண்ணாடி பதித்த அலுமாரியும் இருபத்துநான்கு தவணைக்கு எடுத்தோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம், குற்றம் எம்முடையது. புதியது வந்தால் பழையதற்கு இடமேது? பாட்டனார் காலத்துப் பலாமர அலுமாரியைப் போத்தல் பேப்பர்காரருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாவுக்குக் கொடுத்தோம். தகப்பனாரின் சாய்மனைக் கதிரையையும் கொடுக்கத்தான் பார்த்தோம். பிரம்பு கிழிந்து தொங்கியதால் அம்மனிதர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அது குசினிக்குப் பின்னால் விறகுக்கு அடியிற் போய்ச் சேர்ந்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை சுவரில் ஓதம் ஏற்றியது. புது அலுமாரியின் கால்கள் தேநீரில் தோய்த்த ரஸ்க்கைப் போல ஊதின. மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய பலகை அது. வெட்டிய விளிம்பு வழியாக ஒருமுறை ஈரம் உட்புகுந்தால் பலகை உப்பும், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது, ஆணி பிடிக்காது. தவணை இன்னும் பதினெட்டு இருந்தது. தகப்பனாரோ அந்தச் செற்றியில் ஒருநாளும் உட்காரவில்லை. எதுவும் சொல்லவுமில்லை. மாலையில் வாசற்படியில் இருந்து பேப்பர் படிப்பார். எழுபது வயது மனிதர் படியிலிருந்து எழும்ப நிலையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்த ஒருநாள்தான் நாம் விறகைத் தூக்கி எறிந்துவிட்டுக் கதிரையை வெளியே எடுத்தோம்.

எடுத்துப் பார்த்தால், நாற்பது வருடக் கதிரைக்குப் பிரம்பைத் தவிர ஒரு குறையுமில்லை! கழுந்தும் துளையுமாகப் பூட்டிய மூட்டுகள். ஓர் ஆணி கிடையாது. இரண்டு மூட்டு ஆடியது. அவற்றைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்து, கயிற்றால் இறுக்கி ஒருநாள் வைத்தோம். அவ்வளவுதான்.

பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் இதைத்தான் முதலிற் பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்க்காதீர்கள், நிறம் நாளைக்கு மாறும். கவிழ்த்துப் பார்த்து மூட்டைப் பாருங்கள். விரலால் தட்டினால் பொள்ளென்று கேட்டால் கறையான் உள்ளே வேலை முடித்துவிட்டது என்று அர்த்தம். சிறு துளைகளின் கீழ் மாவைப் போலப் புதுத்தூள் விழுந்திருந்தால் உளு உயிரோடிருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்றச் சாமான்களுக்கும் கேடு. கட்டிலானால் மூட்டைப்பூச்சியை மறக்கலாகாது. சந்து பொந்தெல்லாம் கொதிநீர் ஊற்றி வெயிலிற் போட்ட பிறகே அறைக்குள் எடுக்கலாம்.

பிரம்பு பின்னுவதை நாம் கற்றது கண்டி வீதியிலுள்ள வேவல்தெனியவில். கொழும்புக்குப் பஸ்ஸிற் போனவர்கள் றோட்டோரம் தொங்கும் கூடைகளையும் ஊஞ்சல்களையும் பார்த்திருப்பீர்கள். வேவெல் என்றால் சிங்களத்திற் பிரம்பு; ஊரின் பெயரிலேயே தொழில் இருக்கிறது. அங்கே பிரம்பு வாங்கிய கடையில் ஒரு பெரியவர் அரைமணி நேரம் இருத்திக் காட்டித்தந்தார். சீவிய பிரம்பை வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவைக்க வேண்டும். காய்ந்த பிரம்பு முறியும். சட்டத்திலுள்ள துளைகள் வழியாக முதலில் நெடுக்காக ஓட்டம், அதன்மேல் குறுக்காக, மறுபடி நெடுக்காக. நாலாவது ஓட்டத்திற்றான் பின்னல் தொடங்குகிறது. மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டு போகவேண்டும். பிறகு மூலைக்கு மூலை இரண்டு ஓட்டம். முடிவில் துளைகளை மறைக்க விளிம்புப் பிரம்பு. எமக்கு நாலு மாலை நேரமும் இரண்டு விரலின் தோலும் செலவாயின. நாலாவது ஓட்டத்தில் ஓர் இழையைத் தவறவிட்டு, ஆறாவதில் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் அவிழ்த்த கதையை இங்கு விரித்துச் சொல்லவில்லை.

அடுத்தது மெருகு. இங்கேதான் நம்முடைய மாத்தளை வருகிறது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

பிரெஞ்சு பொலிஷ் என்று தச்சர்கள் சொல்வது என்ன? செம்மஞ்சள் நிறத்தில் மெல்லிய தகடுகளாகக் கடையில் விற்கிறார்களே, அந்த அரக்கை ஸ்பிரிற்றிற் கரைத்த நீர்மந்தான். அரக்கு ஒரு சிறு பூச்சி மரக்கிளையிற் சுரந்து வைக்கும் பிசின். பாண்டவருக்குக் கௌரவர் கட்டிய அரக்கு மாளிகையை நாமெல்லோரும் அறிவோம். அதே அரக்கைச் சிங்களத்தில் லாக்ஷா என்பர். பலாபத்வலைப் பக்கம் ஹப்புவிட கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக அதைக்கொண்டு வேலை செய்யும் குடும்பங்கள் உள்ளன. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை என்று நிறமூட்டிய அரக்கைக் கரிநெருப்பில் இளக்கி, நூலாக இழுத்து, மரப்பிடியின்மேற் சுற்றிப் பெருவிரல் நகத்தால் நறுக்கிக் கோலம் போடுவார்கள். நகத்தால் செய்வதாலேயே அதற்கு நியபொத்து வேலை என்று பெயர். நம் ஊர் இளைஞர்கள் எத்தனை பேர் அங்கே போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? கையை உயர்த்த வேண்டாம்.

அந்த வேலையை நூற்றாண்டுக்கு முன்பே போய்ப் பார்த்து எழுதிவைத்தவர் ஒரு தமிழர். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் பணிப்பாளராகக் கல்லைத் தேடி ஊரூராய்த் திரிந்தவர், கல்லோடு கம்மாளரையும் தச்சரையும் கண்டார். 1908இல் வெளிவந்த "மத்தியகாலச் சிங்களக் கலை" என்னும் அவரது பெருநூலில் ஹப்புவிடவும் இடம்பெற்றது. அச்சிட்டவை 425 பிரதிகளே. 1905இல் அவர் நிறுவிய இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம், மேல்நாட்டுப் பழக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதைக் கண்டித்தது. எமக்குப் பிடித்த செய்தி இன்னொன்று: இங்கிலாந்தில் அவர் குடியிருக்கத் தேர்ந்தெடுத்தது புது மாளிகையையல்ல. பாழடைந்து கிடந்த பழைய சிற்றாலயக் கட்டடமொன்றை ஆஷ்பி என்னும் கட்டடக் கலைஞரைக்கொண்டு திருத்தி வீடாக்கிக்கொண்டார்.

இவ்வழியில் நமக்கு இன்னும் அருகே ஒருவர் உண்டு. அலுவிகாரையைச் சேர்ந்த ஏனா டி சில்வா அம்மையார் (1922-2015) பத்திக் துணியை இந்நாட்டிற் பெரிய கலையாக்கியவர். பிற்காலத்தில் ஊருக்குத் திரும்பி அயற்பெண்களுக்கு ஊசிவேலையும் பத்திக்கும் தொழிலாக அமையச் செய்தார். கொழும்பில் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் அவருக்குக் கட்டிக்கொடுத்த வீடு இடிபட இருந்தபோது, கதவு, தூண், ஓடு, கல் என்று இலக்கமிட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு முழு வீட்டையே பழைய சாமானாக எடுத்துத் திருத்தலாமென்றால் ஒரு கதிரைக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

சரி, மெருகுக்கு வருவோம். நூறு கிராம் அரக்குத் தகட்டுக்கு அரை லீற்றர் ஸ்பிரிற் ஊற்றி, மூடி, ஓரிரவு வைத்து வடிகட்டுங்கள். பஞ்சைப் பழைய வெள்ளைத் துணியிற் பொட்டலமாகக் கட்டி, தொட்டு, மெல்லிதாகத் தேய்க்க வேண்டும். ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பத்துப் பூச்சு நல்லது. மழை நாளிற் பூசக்கூடாது. காற்றின் ஈரம் மெருகிற் பிடித்துப் பாலாடைபோல வெளுத்துவிடும். மாத்தளையில் கார்த்திகை மார்கழியில் இதைத் தொடங்குகிறவர் பிறகு எம்மைத் திட்டக்கூடாது. சூடான தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்தால் வெள்ளை வளையம் விழும். அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தூரமாக வைத்துச் செய்யுங்கள். அரக்கு மாளிகைக் கதையைக் குசினியில் நடத்திக் காட்ட வேண்டாம்.

தாய்மாருக்கு ஒரு முக்கியமான சொல். பழைய பெயின்ற் பூசிய கட்டில், தொட்டில், யன்னல் ஆகியவற்றை உலர்ந்தபடியே சாண்ட் பேப்பரால் தேய்க்காதீர்கள். முற்காலப் பெயின்ற்றில் ஈயம் கலந்திருக்கலாம். 2013இலிருந்துதான் நம் நாட்டில் அதற்குச் சட்டவரம்பு நடைமுறைக்கு வந்தது. ஈயத்தூள் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் நனைத்துத் தேய்த்து, கழிவைக் கடதாசியில் வழித்தெடுத்து, பிள்ளைகளை அப்பக்கம் விடாமற் செய்யுங்கள். நெருப்பு வைத்து உரிப்பது அதைவிட ஆபத்து.

தோட்டப்பகுதியிலிருந்து வந்திருக்கும் தம்பிமாருக்கு இதையெல்லாம் நாம் கற்பிக்க வேண்டியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பிராவிலே உங்கள் பாட்டிமார் தேயிலைப் பெட்டியை நிறுத்தினால் அலுமாரி, படுக்கவைத்தால் பெட்டகம், பலகையைக் கழற்றிச் சுவரிலடித்தால் சாமித்தட்டு என்று குடும்பம் நடத்தியவர்கள். தேயிலை கடதாசிச் சாக்கில் ஏற்றுமதியாகத் தொடங்கியபின் அந்தப் பெட்டி அரிதாகிவிட்டது. எங்காவது கண்டால் விடாதீர்கள். விளிம்புத் தகரத்தையும் ஆணிகளையும் எடுத்துவிட்டுத் தேய்த்தால் நல்ல ஒட்டுப்பலகை. 2015 முதல் மலையகத்தில் காணியோடு தனிவீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டு வருகின்றன. லயத்து இஸ்தோப்பில் வாழ்ந்த குடும்பத்துக்குச் சொந்த வாசல் கிடைப்பது சிறு காரியமா! அந்த வாசல் திறந்த அடுத்த மாதமே தவணைக்காரர் வந்து நிற்கிறார் என்பதே எமது கவலை. வீடு கிடைத்த சந்தோஷத்தில் கையெழுத்து வைப்பது இலகு. வைக்கும்போது எம்மைப்போலப் பழையதையும் விற்றுவிடுகிறோம்.

திரைச்சீலைக்குக் கடைக்குப் போக வேண்டாம். கட்டிக் கிழிந்த வொயில் சேலையின் நல்ல பாகம் இரண்டு யன்னலுக்குப் போதும். வெயிற்பக்கம் பழைய வேட்டித்துணியை உட்துணியாக வைத்துத் தைத்தால் சாயம் சீக்கிரம் வெளுக்காது. சாமிப்படங்களின் சட்டத்துக்கும் மேற்சொன்ன அரக்குத்தான். கறுத்த குத்துவிளக்கைப் புளியாலும் சாம்பலாலும் துலக்கும் வழி நாம் ஆச்சிமாரிடம் கேட்க வேண்டியது. கழுவியவுடனே துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்காவிட்டால் மறுநாளே கறை திரும்பும் என்பது மட்டும் எமது அனுபவம்.

பாட்டனாரின் அலுமாரியைத் தேடி நாம் போத்தல் பேப்பர்காரரிடம் போனோம். கொழும்பிலிருந்து ஒருவர் லொறியில் வந்து எடுத்துப்போனதாகச் சொன்னார். எவ்வளவுக்கு என்று கேட்கவில்லை. கேட்டால் இரவில் நித்திரை வராது.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம், தலைவர் தலையசைத்துவிட்டார். மாசி மகத் தேர் முடிந்த பிறகு, மழையில்லாத ஒரு பூரணை விடுமுறை நாளில் மண்டப முற்றத்திற் கூடுவோம். ஆளுக்கு ஓர் உடைந்த கதிரை கொண்டுவாருங்கள். பசையும் அரக்கும் மன்றம் வாங்கும். பிரம்பு எமது பொறுப்பு. அக்காமார், தங்கைமார் கட்டாயம் வரவேண்டும். பின்னலில் எமது விரலைவிட உங்கள் விரல் பழகியது. மேற்பார்வைக்கு எமது தகப்பனார் தம்முடைய சாய்மனைக் கதிரையோடு வருவார். ஓட்டம் எங்காவது தொய்ந்திருந்தால் அவர் சொல்லிவிடுவார். எம்முடையதில் மூன்று இடத்திற் சொல்லியிருக்கிறார்.