வளரும் நாடுகளில் குழந்தையின்மை: தம்பதியர் சுமக்கும் பாரம்

கருத்தடை எதுவுமின்றி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகாத நிலையைக் கருத்தரியாமை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. அந்நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நிலைக்கு உள்ளாகிறார். வருமானம் மிகுந்த நாடுகளில் இது 17.8 விழுக்காடு, நடுத்தர, ஏழை நாடுகளில் 16.5 விழுக்காடு. எண்ணிக்கையில் பெரிய வேறுபாடில்லை. அதற்குப் பிறகு அந்தக் கணவன் மனைவிக்கு என்ன நேர்கிறது என்பதில்தான் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி இருக்கிறது.

வளரும் நாடுகளில் குழந்தையின்மைக்குப் பெருங்காரணம் கருக்குழாய் அடைப்பு. கவனிக்கப்படாத வெட்டை நோய், கிளமிடியா, பாதுகாப்பற்ற கருக்கலைப்பு, பிரசவத்துக்குப் பின் ஏற்படும் தொற்று ஆகியவை குழாயை அடைத்துவிடுகின்றன. இந்தியாவில் இவற்றோடு கருப்பையைத் தாக்கும் காசநோயும் சேர்ந்துகொள்கிறது. அது இருமலோ காய்ச்சலோ காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருக்கக்கூடியது. முதல் குழந்தை பிறந்த பிறகு அடுத்த கரு தங்காமல் போகும் பெண்கள் இந்நாடுகளில் மிகுதியாக இருப்பதற்கும் இத்தொற்றுகளே முக்கியக் காரணம்.

இது தடுக்கக்கூடியது என்பதற்கு மத்திய ஆப்பிரிக்கா சாட்சி. காபோன், கேமரூன், காங்கோ வழியாகச் செல்லும் நிலப்பரப்பை மக்கள்தொகை அறிஞர்கள் மலட்டு வளையம் என்றே குறித்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே சில பகுதிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை இல்லை. சாபம் என்றும் சூனியம் என்றும் ஊர் சொன்னதற்குப் பின்னால் இருந்தவை பால்வினைத் தொற்றுகள். 1950களிலிருந்து வேறு நோய்களை ஒழிப்பதற்காகப் பெனிசிலின் ஊசி ஊர் ஊராகப் போடப்பட்டபோது, குழந்தையின்மையும் கூடவே குறைந்தது.

இவ்வளவு தெரிந்தும் அரசுகள் இதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டை உலகிலேயே முதலில், 1952இல், அரசுத் திட்டமாக்கிய நாடு இந்தியா. மக்கள்தொகையைக் குறைப்பதே குறிக்கோளான நிர்வாகத்தில், பிள்ளை இல்லையே என்று வருந்துபவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1994 கெய்ரோ மாநாட்டின் செயல்திட்டம் கருத்தரியாமைத் தடுப்பையும் சிகிச்சையையும் இனப்பெருக்க நலத்தின் பகுதியாக ஏற்றது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்த ஏற்பு இன்னும் எட்டிப்பார்க்கவில்லை. பிள்ளைகள் அதிகம் பிறக்கும் நாட்டில் பிள்ளையில்லாதவரின் வலி சிறிது என்ற எண்ணம் தவறானது. சுற்றிலும் தொட்டில் ஆடும்போது அந்த வலி இன்னும் கூர்மையாகிறது.

வீட்டுக்குள் அந்தச் சுமை இருவர் மீதும் ஒன்றுபோல் இறங்குவதில்லை. திருமணமான சில மாதங்களிலேயே "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி மருமகளை நோக்கித்தான் வருகிறது. வளைகாப்பில் முன்வரிசையில் நிற்க அவளே தயங்குகிறாள். தயங்காவிட்டால் யாராவது நாசூக்காக ஒதுக்கிவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி என்று அவளுடைய கோப்பு தடித்துக்கொண்டே போகிறது. கணவனின் விந்துப் பரிசோதனைத் தாள் மட்டும் அதில் இருக்காது. இத்தனையிலும் மலிவானதும் வலியற்றதும் அதுதான். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. எகிப்தில் நீண்டகாலம் ஆய்வுசெய்த மானுடவியலாளர் மார்சியா இன்ஹார்ன், குறை கணவனிடம் என்று தெரிந்த பின்னும் பழியை மனைவி ஏற்றுக்கொள்வதைப் பதிவுசெய்திருக்கிறார். இந்தியக் குடும்பங்களுக்கும் இது புதிதல்ல. மறுமணப் பேச்சு, அடி, தாய்வீட்டுக்கு அனுப்புதல், சொத்தில் பங்கின்மை, முதுமையில் ஆதரவின்மை ஆகியவை இந்தப் பழியின் தொடர்ச்சி. ஆணும் துன்பப்படாமல் இல்லை. ஆண்மை கேள்விக்குள்ளாகும் என்ற அச்சத்தில் அவன் வாய் திறப்பதில்லை.

ஒதுக்கப்பட்டவர்கள் தமக்கென ஒரு துணையை உண்டாக்கிக்கொண்ட இடங்களும் உண்டு. காம்பியாவில் குழந்தை பிறக்காத, பிறந்த குழந்தைகளை இழந்த பெண்கள் கன்யலெங் என்ற குழுக்களாகச் சேர்ந்து, விழாக்களில் ஆடிப் பாடி, ஒருவருக்கொருவர் தாங்கலாக இருக்கிறார்கள். பாராட்டத்தக்க ஏற்பாடுதான், ஆனாலும் அது மருத்துவத்துக்கு ஈடாகாது.

மருத்துவமோ எட்டாத விலையில் இருக்கிறது. உலகின் இரண்டாவது சோதனைக் குழாய் குழந்தை 1978 அக்டோபரில் கொல்கத்தாவில் பிறந்தது. அதைச் சாதித்த மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் அங்கீகாரமின்றி அவமதிக்கப்பட்டு 1981இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த நாட்டில் இன்று நகரந்தோறும் கருத்தரிப்பு மையங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. பெரும்பாலான சுற்றுகள் குழந்தையில் முடிவதில்லை. தாலிச்செயின் அடகுக்குப் போகிறது, நிலம் விலைக்குப் போகிறது, அடுத்த சுற்றுக்கு வட்டிக்கடன். கருத்தரிப்பு மருத்துவத்தை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் மையங்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. கட்டணம் ஏழைக்கு இன்னும் எட்டவில்லை. பெல்ஜியத்தின் ஹெங்க் நகரில் விலையுயர்ந்த வாயு இயந்திரம் இல்லாமல், சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலந்து பிறக்கும் கரியமில வாயுவைக் கொண்டே கண்ணாடிக் குழாயில் கருவை வளர்த்துக் காட்டினார்கள். அம்முறையில் 2012இல் குழந்தை பிறந்தது. வளரும் நாடுகளை மனத்தில் வைத்து உருவான அந்த முறை இங்கெல்லாம் பரவலாக நடைமுறைக்கு வரவேண்டும்.

கணக்கிடும் முறையும் மாறவேண்டும். வளரும் நாடுகளில், சீனா நீங்கலாக, 18 கோடியே 60 லட்சம் பெண்கள் பாதிக்கப்பட்டுள்ளதாக 2004இல் வெளிவந்த மதிப்பீடு, மணமான பெண்களின் பிள்ளைப்பேற்றுப் பதிவுகளிலிருந்து ஊகிக்கப்பட்டது. ஆணின் குறைபாடும் அதில் பெண்ணின் பெயரிலேயே ஏறியிருக்கிறது. மாவட்ட மருத்துவமனைகளில் இருவரையும் ஒரே நாளில் சேர்த்துப் பரிசோதித்து, அந்த விவரத்தைப் பதிவுசெய்தால் இந்தப் பிழை திருந்தும். அதற்கு வேண்டிய நுண்ணோக்கி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஆய்வகப் பணியாளரும், கணவனிடம் தனியே பேச ஓர் ஆலோசகரும் தேவை. குழந்தையின்மை பற்றிய விவாதம் அங்கிருந்து தொடங்கலாம்.