வீட்டுக்குள்ளே டார்வின்

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



டார்வினைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் குரங்கிலிருந்துதான் தொடங்குவார்கள். கப்பலேறி ஐந்து வருஷம் உலகைச் சுற்றினார், 1859-ல் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி நூல் எழுதினார், பாதிரிமார்கள் கொதித்தெழுந்தார்கள் என்பதையெல்லாம் நமது மேடைகளில் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். இன்று அதை ஒதுக்கி வைப்போம். 1809 பிப்ரவரி 12-ல் பிறந்து 1882 ஏப்ரல் 19-ல் மறைந்த அந்த மனிதர், நாற்பத்து மூன்று வருஷம் ஒரு பெண்மணிக்குக் கணவராக வாழ்ந்தார். பத்துப் பிள்ளைகளுக்குத் தகப்பனார். தாயில்லாத ஒரு பேரனுக்குத் தாத்தா. அந்த வீட்டைப் பற்றித்தான் நாம் பேசப் போகிறோம்.

ஏன் என்று கேட்பீர்கள். ஆலை வாசலில் பகுத்தறிவு பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அங்கே மனைவி வெள்ளிக்கிழமை விளக்கேற்றி வைத்திருக்கிறாள். ஆரம்பமாகிறது சண்டை! விளக்கை ஊதி அணைத்த தோழரையும் நமக்குத் தெரியும். பெண்டாட்டிக்குப் பயந்து அடுத்த திருவிழாவில் தீச்சட்டி எடுத்த தோழரையும் தெரியும். இந்த இரண்டும் இல்லாமல் ஒரு குடும்பம் நடக்க முடியுமா? டார்வின் வீட்டில் நடந்தது.

1838-ல் அவர் ஒரு காகிதத்தை எடுத்து, கலியாணம் செய்தால் என்ன லாபம், செய்யாவிட்டால் என்ன லாபம் என்று கணக்கெழுதினார். புத்தகம் வாங்கப் பணம் குறையும், பொழுது போய்விடும் என்று ஒரு பக்கம். கிழவயதில் துணை கிடைக்கும், நாய் வளர்ப்பதற்கு இது மேல் என்று மறுபக்கம்! கடைக் கணக்குப்பிள்ளையைப் போல் கூட்டிக் கழித்து, கலியாணம்தான் சரி என்று முடிவு கட்டினார். 1839 ஜனவரி 29-ல் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். எம்மா அம்மையார் அவருடைய தாய்மாமன் மகள். ஆம், நம் ஊர் முறைப்பெண்ணைப் போலவேதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டார்வின் கூலிக்கு உழைத்தவர் அல்லர். தகப்பனார் பணக்கார வைத்தியர். மாமன் வீட்டாரோ பேர்பெற்ற பீங்கான் ஆலை முதலாளிகள். வீட்டில் சமையலுக்கும் எடுபிடி வேலைக்கும் ஆட்கள் உண்டு. ஆலைச் சங்கு ஊதி அவரை யாரும் அழைத்ததில்லை. பிள்ளைகளோடு விளையாட அவருக்கு நேரம் இருந்தது என்றால், அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. தன் பிள்ளையைத் தூங்கும்போது மட்டுமே பார்த்த தறிக்காரனின் அன்பு டார்வின் அன்பைவிடக் குறைந்ததல்ல. அவனுக்கு நேரம் மறுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். மத விஷயத்தில் தமக்குச் சந்தேகங்கள் உண்டு என்பதைக் கலியாணத்துக்கு முன்பே டார்வின் எம்மாவிடம் சொல்லிவிட்டார். “இதையெல்லாம் பெண்ணிடம் சொல்லாதே” என்பது தகப்பனாரின் யோசனை. மகன் கேட்கவில்லை. அம்மையாரோ உண்மையான பக்தி உள்ளவர். கலியாணமான புதிதில் அவர் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நிரூபிக்காத எதையும் நம்பாத விஞ்ஞானப் பழக்கம், நிரூபிக்க முடியாத காரியங்களிலும் உங்கள் மனத்தைக் கட்டிப்போட்டு விடுமோ? நாம் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்க மாட்டோமோ? இதுதான் கடிதத்தின் சாரம். திட்டவில்லை, சபிக்கவில்லை. ஒரு மனைவியின் பயம் அது.

டார்வின் அந்தக் கடிதத்துக்காகத் தமது ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போடவும் இல்லை. ஆயுள் முழுவதும் வைத்திருந்தார். தாம் இறந்த பிறகு மனைவி பார்க்கட்டும் என்று, இதைப் பல தடவை முத்தமிட்டு அழுதிருப்பதாக அதன் அடியில் எழுதி வைத்தார்.

1844-ல் தமது சித்தாந்தத்தைச் சுருக்கி எழுதி முடித்தார். உடம்பு சரியில்லை; சாவு வந்துவிடுமோ என்ற அச்சம். யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? எம்மாவிடம்! நான் இறந்துவிட்டால் நானூறு பவுன் செலவிட்டு இதை வெளிக்கொண்டு வா என்று எழுதிக் கொடுத்தார். எந்தக் கருத்து அவருடைய விசுவாசத்தை உரசுமோ அந்தக் கருத்துக்கு அவரையே காவல் வைத்தார். அம்மையாரும் கைப்பிரதியைப் படித்து, இது பெரிய அனுமானமல்லவா என்ற தோரணையில் ஓரத்தில் குறிப்பெழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் கோயிலுக்குப் போகும். டார்வின் உலாவப் போவார். ராத்திரி இருவரும் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம் ஆடுவார்கள். வருஷக் கணக்கில் வெற்றி தோல்வியைக் குறித்து வைத்தார். 1876-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், எம்மா 2,490 ஆட்டம், தாம் 2,795 ஆட்டம் ஜெயித்திருப்பதாகப் பெருமையடித்துக் கொள்கிறார்!

பிள்ளைகளுக்கு அந்த வீடே பள்ளிக்கூடம். பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வளரும் கொட்டலசுகளை டார்வின் எட்டு வருஷம் ஆராய்ந்தார். அதைப் பார்த்தே வளர்ந்த ஒரு பிள்ளை, அண்டை வீட்டுக்காரரைப் பற்றி, “அவர் தம்முடைய கொட்டலசு வேலையை எங்கே வைத்துச் செய்கிறார்?” என்று கேட்டதாம். தகப்பன் என்றால் கொட்டலசு அறுப்பவர்தானே! நாலு வயதுப் பிள்ளை ஒன்று வேலை நேரத்தில் வந்து, ஆறு பென்ஸ் தருகிறேன், விளையாட வா என்று லஞ்சம் பேசியது. தோட்டத்தில் பெரிய தேனீக்கள் எந்த வழியாகப் பறக்கின்றன என்று அறிய, பிள்ளைகளை ஆங்காங்கே நிறுத்தி வைத்துக் கூவச் சொன்னார். உலகையே உலுக்கிய நூலின் கைப்பிரதியில் மிஞ்சிய தாள்கள் சிலவே. அவற்றில் சில, பின்புறம் பிள்ளைகள் படம் வரைந்ததால் தப்பியவை.

பத்துப் பேரில் மூன்று பேரை மண்ணுக்குக் கொடுத்தார்கள். பத்து வயது ஆனி 1851 ஏப்ரலில் மால்வெர்ன் என்ற ஊரில் இறந்தாள். வைத்தியத்துக்காகக் கொண்டுபோயிருந்தார்கள். தகப்பனார் படுக்கையருகே இருந்தார். அம்மையார் நிறைமாத கர்ப்பிணி. வீட்டை விட்டு நகர முடியாமல், தினமும் வரும் கடிதத்துக்காகக் காத்திருந்தார். மகளின் எழுதுபெட்டியைக் கடைசி வரை காப்பாற்றி வைத்தார். இந்தச் சாவோடுதான் டார்வினின் விசுவாசம் போயிற்று என்று சிலர் எழுதுவார்கள். அது அதற்கு முன்பே கரையத் தொடங்கிவிட்டது. 1858 ஜூலை 1-ல் லண்டனில் விஞ்ஞானிகள் சபையில் அவருடைய கருத்து முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது டார்வின் அங்கே இல்லை. ஒன்றரை வயதுப் பையனை ஸ்கார்லட் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

மாமன் மகளை மணந்ததால்தான் பிள்ளைகள் நோஞ்சானாகப் பிறந்தார்களோ என்று அவர் மனம் அரித்துக்கொண்டே இருந்தது. 1871 ஜனக் கணக்கெடுப்பில், நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியைச் சேர்க்கும்படி முயன்றார். பார்லிமெண்ட் தள்ளிவிட்டது. பிறகு மகன் ஜார்ஜ் தாமே அந்த விஷயத்தை ஆராய்ந்தார். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நாமும் யோசிக்க வேண்டிய சங்கதி இது.

அந்தக் கிராமத்துக் கூலிக்காரர்களுக்கு நோய் நொடிக்கு உதவ ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் இருந்தது. முப்பது வருஷம் அதன் பொக்கிஷதார் டார்வின்தான். 1877-ல் சங்கத்தைக் கலைத்துப் பணத்தைப் பங்குபோட்டுக் கொள்ளலாம் என்ற பேச்சு எழுந்தது. வேண்டாம், பின்னால் தவிப்பீர்கள் என்று அங்கத்தினர்களுக்கு எழுதித் தடுத்தார். புரட்சி அல்ல, கனவான் செய்த தர்மம்தான். ஆனால் கணக்கு ஒழுங்காக இருந்தது! சங்கப் பணத்தைக் கையாளும் தோழர்கள் கவனிக்க.

1876 செப்டம்பரில் மகன் பிரான்சிஸின் மனைவி, பிள்ளையைப் பெற்ற சில நாளிலேயே இறந்தாள். பச்சைக் குழந்தை பெர்னார்டோடு மகன் தகப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார். எம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. கிழவனும் கிழவியும் மறுபடி தொட்டில் கட்டினார்கள். அந்தப் பேரன் ஓடி விளையாடிய காலத்தில்தான் தாத்தா தமது கடைசிப் புத்தகத்தை எழுதினார். எதைப் பற்றி? மண்புழுவைப் பற்றி!

விவசாயத் தோழர்களே, இதை நீங்கள் கேட்க வேண்டும். நாங்கூழ்ப் புழுவை மண் தொட்டிகளில் போட்டு வீட்டுக்குள் வைத்தார். புழுவுக்குக் காது கேட்குமா? விசில் ஊதிப் பார்த்தார்கள், பெரிய குழல் ஊதிப் பார்த்தார்கள், புழு அசையவில்லை. தொட்டியைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும், அதிர்வை உணர்ந்து சட்டென்று வளைக்குள் ஓடியது. குடும்பமே கூடிச் செய்த ஆராய்ச்சி! வயலில் புழு தள்ளிய நாங்கூழ்க் கட்டிகளைப் பொறுக்கி, காயவைத்து, நிறுத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கரில் வருஷத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் வயிற்றினூடே போய் மேலே வருகிறது என்று கண்டார். மனிதன் ஏர் பூட்டுவதற்கு வெகு காலம் முன்பே புழு நிலத்தை உழுதது என்று 1881-ல் உலகுக்குச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாமல் கீழே கிடந்து உழைப்பவர்களால்தான் நிலம் நிலமாக இருக்கிறது. இதற்கு நாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் ஒரு பழைய கதையைத் திருத்திவிடுவோம். மார்க்ஸ் ‘மூலதன’த்தை டார்வினுக்குச் சமர்ப்பிக்க விரும்பினார், டார்வின் மறுத்துவிட்டார் என்று வெகு காலம் சொல்லப்பட்டது. அது சரியல்ல. மார்க்ஸ் 1873-ல் தம் கையெழுத்திட்டு ஒரு பிரதி அனுப்பினார். டார்வின் நன்றி எழுதினார். பெரும்பாலான தாள்கள் பிரிக்கப்படாமலே கிடந்தன. 1880-ல் சமர்ப்பணம் கேட்டவர் எட்வர்ட் ஏவ்லிங் என்ற நாத்திகர். மதத்தை நேரடியாகத் தாக்கும் காரியத்துக்குத் துணைபோனால் தமது குடும்பத்தில் சிலர் மனம் வருந்தும் என்று டார்வின் எழுதினார். கோழைத்தனம் என்று சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. தாம் கண்ட உண்மையில் ஒரு வரியையாவது அவர் வீட்டுக்காக அழித்தாரா? இல்லை. பிறரைத் தாக்கும் கோஷத்துக்கு மட்டும் தம் பெயரைத் தர மறுத்தார்.

குறையும் உண்டு. பெண்ணின் அறிவு ஆணுக்குக் கீழ்தான் என்று 1871-ல் வெளிவந்த ‘மனிதனின் வமிசாவளி’யில் எழுதினார். அந்த நூலின் அச்சுப் பிரதிகளைத் திருத்திச் செப்பனிட்டவர் யார்? மகள் ஹென்ரியெட்டா! கண்ணெதிரே இருந்த அத்தாட்சியைப் பார்க்கத் தவறிவிட்டார், மண்புழுவை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த மனிதர்.

கடைசி நாளில், சாவுக்குத் தாம் சிறிதும் அஞ்சவில்லை என்றும், நல்ல மனைவியாக இருந்தாய் என்றும் எம்மாவிடம் சொன்னார். கிராமத்துச் சுடுகாடே போதும் என்றிருந்தவரைப் பெரிய மனிதர்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அம்மையார் அங்கே போகவில்லை. 1896-ல் இறந்தபோது அவரைக் கிராமத்தில்தான் அடக்கம் செய்தார்கள். மரணப் படுக்கையில் டார்வின் மதத்துக்குத் திரும்பினார் என்று 1915-ல் ஒரு கதை கிளம்பியது. நான் பக்கத்திலேயே இருந்தேன், சுத்தப் பொய் என்று 1922-ல் மகள் ஹென்ரியெட்டா அச்சில் மறுத்தார்.

பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என்று 1876-ல் தமது வாழ்க்கையை டார்வின் எழுதி வைத்திருந்தார். நம்பாதவர்களுக்கெல்லாம் நித்திய நரகம் என்ற போதனையை அதில் கடுமையாகக் கண்டித்திருந்தார். இது அச்சாவதை நான் விரும்பவில்லை என்று எம்மா ஓரத்தில் எழுதினார். 1887-ல் மகன் பிரான்சிஸ் வெளியிட்டபோது அந்த இடமும் வேறு சில இடங்களும் வெட்டப்பட்டன. பேத்தி நோரா பார்லோ 1885-ல் பிறந்தவர், தாத்தாவை நேரில் கண்டவரல்லர். அவர் 1958-ல் எல்லாப் பகுதிகளையும் திரும்பச் சேர்த்து முழு நூலையும் வெளியிட்டார். தாத்தாவின் வரிகளும், அவற்றுக்குப் பாட்டி தெரிவித்த ஆட்சேபமும் அந்தப் பதிப்பில் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன.