சூழ்காட்சியும் மாணாக்கர் கல்வியும்



நாற்புறமும் திரும்பி நோக்கத்தக்க காட்சிப்படங்கள் இன்று பாடசாலைகளுள்ளும் புகுந்துள்ளன. 360 பாகையிலும் ஒரே வேளையிற் பிடிக்கப்படும் இப்படங்களைச் சூழ்காட்சி எனலாம். 2015ஆம் ஆண்டில் யூடியூப் இவற்றை ஏற்கத் தொடங்கியபின், கடலடியும் எரிமலையும் வகுப்பறைக்கு எட்டும் பொருள்களாயின.

ஒரே படத்தை மூவகைக் கருவிகளிற் காணலாம். கணினியில் மாணவன் சுட்டியினாற் படத்தைத் திருப்புகிறான். கைத்தொலைபேசியிற் கருவியையே திருப்புகிறான். தலையில் அணியும் காட்சிக் கருவியிலோ தன் தலையையே திருப்புகிறான். முதலிரண்டிலும் காட்சிக்கு வெளியே நிற்பவன், மூன்றாவதில் அதனுள்ளேயே நிற்பதாக உணர்கிறான். அங்ஙனமாயின் மூன்றாவதே சிறந்த ஆசான் அன்றோ என வினவத் தோன்றும்.

ஆராய்ச்சி அவ்வாறு கூறவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த பரோங், மேயர் என்னும் இருவர் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில், மாணவருள் ஒரு சாரார் தலைக்கருவி அணிந்து, வரைந்தமைத்த குருதிக் குழாய்களினூடே பயணஞ் செய்தனர். மறுசாரார் அதே பாடத்தைக் கணினித் திரையிற் படமும் எழுத்துமாகப் படித்தனர். ஆர்வம் மிகுந்திருந்தது முன்னவரிடத்தே. பரீட்சையிற் கூடுதலான புள்ளி பெற்றவரோ பின்னவர்.

இதற்குக் காரணங் காண்பது அரிதன்று. எப்புறம் நோக்குவதென்று தேடுவதிலேயே மனத்தின் ஆற்றல் செலவாகின்றது. முன்னே முக்கியமானது நிகழும்போது மாணவன் பின்னே திரும்பியிருக்கலாம். கருவியை அணிந்தவன் தன் குறிப்புப் புத்தகத்தைக் காணான். ஆசிரியரின் சுட்டுவிரலையும் காணான்.

இதனால் அக்கருவியை ஒதுக்கிவிட வேண்டுமென்பதில்லை. அவ்வாய்வாளரே பாடத்தைப் பகுதிகளாக்கி, ஒவ்வொரு பகுதியின் ஈற்றிலும் கண்டதைச் சுருக்கியெழுதச் செய்தபோது கற்றல் உயர்ந்தது, ஆர்வமும் குன்றவில்லை. எனவே, பயணத்தை இடையிடையே நிறுத்திச் சிந்திக்கச் செய்தலே பயன் தருவது.

விலையுயர்ந்த கருவி தம்மிடம் இல்லையே எனக் கவலுறும் கிராமப் பாடசாலை ஆசிரியர்கள் இதனை உளங்கொள்வார்களாக. ஒரேயொரு கணினி போதும். படத்தை உரிய இடத்தில் நிறுத்தி, "இப்பொழுது கண்டதென்ன? அடுத்து நிகழப்போவதென்ன?" எனக் கேளுங்கள். மாணவர் தம் சொந்தச் சொற்களில் விடை எழுதட்டும். கருவி வாங்க வசதியுள்ள பாடசாலைகளும், அதனைக் கழற்றியபின் எழுதுவதற்கென நேரம் ஒதுக்கிய பின்னரே அதனை மாணவர் தலையில் ஏற்றுதல் நன்று.