ஆற்றுக்கு மேல் ஓடும் வாய்க்கால்



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரின் சாங்கிக் கடற்கரைக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு செய்தியை அவர்களுக்குச் சொன்னோம். கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை, 48 கிலோமீட்டர் தூரத்துக்குப் பூமிக்கு அடியில் ஒரு பெருஞ்சுரங்கம் செல்கிறது. 2008ஆம் ஆண்டில் அது நிறைவடைந்தது. வீடுகளின் கழிவுநீர் அந்தச் சுரங்கத்தின் சரிவிலே தானாக ஓடிவந்து, சாங்கியில் சுத்தம் செய்யப்படுகிறது.

இதைக் கேட்டதும் ஒரு பையன், "வழியில் ஆறு குறுக்கிட்டால் என்ன சார் செய்வார்கள்?" என்றான்.

நல்ல கேள்வி. சுரங்கமானால் ஆற்றுக்கு அடியில் போய்விடும். ஆனால் வயலுக்குப் போகும் திறந்த வாய்க்கால் அப்படியே அடியில் போக முடியாது. ஆற்றில் கலந்துவிட்டால், அந்தத் தண்ணீர் மறுபடி மேடேறி வராது. ஆகவே வாய்க்காலையே பாலத்தின் மேல் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவதுண்டு. அதைத்தான் தொட்டிப் பாலம் என்கிறோம்.

தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறுக்கு அருகே மாத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம்மைப் போலவே ரப்பர் மரம் சீவிப் பிழைப்பவர்கள் பலர் வாழும் மாவட்டம் அது. அங்கே இரண்டு குன்றுகளுக்கு நடுவே, பள்ளத்தில் பறளியாறு ஓடுகிறது. பட்டணங்கால் கால்வாயின் நீரை அந்தப் பள்ளத்தைத் தாண்டிக் கொண்டுசெல்ல, 1966ஆம் ஆண்டில் கான்கிரீட்டால் ஒரு பாலம் கட்டினார்கள். வறட்சியில் வாடிய விளவங்கோடு, கல்குளம் பகுதி நிலங்களுக்குப் பாசனம் தருவதே அதன் நோக்கம். அந்தப் பாலத்தை 28 தூண்கள் தாங்குகின்றன. மிக உயரமான தூண் 115 அடி. நெடிய தென்னைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு உயரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு!

மேலே இருக்கும் தொட்டியின் அகலம் ஏழரை அடி, உயரம் 7 அடி. அது நிறைந்து ஓடினால் ஒவ்வோர் அடி நீளத்திலும் ஏறக்குறைய ஒன்றரை டன் தண்ணீர் இருக்கும். காண்டா வாளியில் பால் சுமந்து தோள் கன்றியவர்களுக்கு, அந்தத் தூண்கள் சுமக்கும் பாரம் என்ன என்பதை விளக்கவேண்டியதில்லை.

இந்த வேலையின் சூட்சுமமோ நமக்குப் பழகியதுதான். மரத்தில் நாம் போடும் கோடு சாய்வாக இருக்கிறது. பால் அதன் வழியே இறங்குகிறது. கோட்டின் முனையில் செருகிய சிறு தகரம் அதை மரத்திலிருந்து மங்குக்குக் கடத்துகிறது. அந்தத் தகரம்தான் நம் வீட்டுத் தொட்டிப் பாலம். பால் கெட்டியானது, அதற்குச் சரிவு அதிகம் வேண்டும். தண்ணீருக்கோ மிகச் சிறிய சரிவு போதும். பிரான்சு நாட்டில் நீம் நகருக்கு ரோமானியர் கட்டிய நீர்வழி சுமார் 50 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் ஏறத்தாழ 12 மீட்டர்தான்!

சரிவு பிசகினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அனுபவத்தில் கற்றோம். முன்பு நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், ஊற்று நீர் மேட்டு லயத்துக்கு மட்டுமே வந்தது. பெரிய கால்வாய்க்கு அக்கரையில் இருந்த வீட்டுப் பெண்கள், வேலை முடிந்து வந்தபின் குடத்துடன் பள்ளம் இறங்கி மேடேறுவார்கள். நிர்வாகத்திடம் கேட்டோம். "பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைத்தது. எனவே பெற்றோர்களும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து, மூங்கிலைப் பிளந்து கணு நீக்கிக் கால்வாயின் குறுக்கே தொட்டி அமைத்தோம். முதல் நாளே நடுப்பகுதி தொய்ந்தது. தண்ணீரெல்லாம் நடுவிலேயே கொட்டியது. பிறகு தச்சு வேலை தெரிந்த ஒரு பெரியவர் கவைக் கம்புகளை ஊன்றி, ரசமட்டம் பிடித்து, அரை விரல் அரை விரலாகச் சரிவு கொடுத்தார். தண்ணீர் அக்கரை சேர்ந்தது. குடத்துடன் நின்ற பாட்டி ஒருத்தி அதைக் கையில் ஏந்தி முகத்தில் தெளித்துக்கொண்டார்.

கதை அத்துடன் முடியவில்லை. இரண்டே மாதத்தில் இலையும் குப்பையும் அடைத்துக்கொண்டன. மேட்டு லயத்தாருக்குத் தண்ணீர் குறையவில்லை. ஆகவே அவர்கள் கவனிக்கவில்லை. அக்கரையார் கோபத்தில் பேச்சை நிறுத்தினார்கள். கடைசியில் இரு கரையாரையும் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்துப் பேசினோம். வாரத்துக்கு ஒரு வீடு முறை வைத்துத் துப்புரவு செய்வதென முடிவாயிற்று. முதல் முறையை மேட்டு லயத்தார் தாமே ஏற்றுக்கொண்டார்கள். மூங்கிலைவிட அந்த ஏற்பாடுதான் தண்ணீரைக் காப்பாற்றியது.

வாய்க்கால் எங்கே இருந்தாலும் இதுதான் நிலை. தலைமடையில் இருப்பவர் அசட்டையாக இருந்தால் கடைமடை காயும். தூணைப் பொறியாளர் கட்டலாம். தொட்டியைத் தூர்க்காமல் வைத்திருப்பது அதன் இரு கரையிலும் வாழ்பவர்களின் வேலை.

பிள்ளைகளே, நாளைக்கு உங்கள் லயத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, உங்களைக் கடந்து எங்கே போகிறது என்று பெற்றோருடன் நடந்து பாருங்கள். வழியில் அடைப்பு இருந்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். உங்களுக்கு அடுத்தும் ஒரு வீடு அந்தத் தண்ணீருக்குக் காத்திருக்கும்.