பாரம் இழுக்கும் எஞ்சின்கள்



மண்டைதீவில் தண்டவாளம் கிடையாது. எங்கள் மாணவர் எஞ்சினைக் காணப் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாண நிலையத்துக்குத்தான் செல்லவேண்டும். கண்டு வந்ததும் அவர்கள் கேட்பது, “எந்த எஞ்சின் பலங் கூடியது, ஐயா?” என்பதே.

குதிரைச் சக்தியை மட்டும் சொன்னால் அது விடையாகாது. வண்டில் மாடு எத்துணை வலியதாயினும், கால் வழுக்கினால் பாரம் அசையாதன்றோ? எஞ்சினுக்கும் அஃதே. சுழலும் சில்லுகள் தண்டவாளத்தை அழுத்தும் எடையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே இழுவையாகும். ஈரமானால் அதுவும் குறையும். அதற்காகவே மணல் தூவுகிறார்கள்.

சமதரையில் ஒரு தொன் பாரத்தை உருட்ட நாலைந்து கிலோகிராம் விசை போதும். 44 அடிக்கு ஓரடி உயரும் கடுகண்ணாவை ஏற்றத்திலோ மேலும் 23 கிலோகிராம் வேண்டும். அங்கே இரண்டு எஞ்சின்களின் வேலையை ஒன்றே செய்வதற்காக 1927ஆம் ஆண்டில் காரற் நீராவி எஞ்சின் தருவிக்கப்பட்டது. ஒரே கொதிகலன், அதன் இரு முனைகளிலும் இயங்கு சில்லுகள்! ஆயினும் நீராவி எஞ்சினுக்குச் சாம்பல் அள்ளவும் கொதிகலன் கழுவவும் கொட்டகையிற் கழியும் நேரம் அதிகம்.

பின்னர் டீசல் வந்தது. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பிரஷ் பக்னல் எஞ்சின்கள் 25. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1000 குதிரைச் சக்தி. 1954இல் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கியவை 1425 குதிரைச் சக்தியுடையன. அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கியவை. இரு வகையிலும் ஆறு அச்சுகளில் நான்கே இயங்குபவை; ஏனைய இரண்டும் எடையைப் பகிர்ந்து, பாதைக்கு நோவு வராமற் காப்பவை. ஆதலால் கனடிய எஞ்சினின் மேலதிகச் சக்தி புறப்படும்போது முழுதும் பயன்படுவதில்லை. ஓட்டத்தில் வேகமாகவே வெளிப்படும்.

என் மதிப்பில், அதன் பெருமை வேறிடத்திலுள்ளது. ஓர் உருளை பழுதானால் அதனை ஆடுதண்டுடன் ஒருங்கே கழற்றிப் புதியதைப் பொருத்தலாம். எஞ்சின் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. ஒரே மாதிரி பல நாடுகளில் ஓடியமையால் உதிரிப்பாகமும் கிடைத்தது. சீமெந்தும் அரிசியும் ஏற்றிய தொடர் நடுவழியில் நின்றுவிட்டால், ஒற்றைப் பாதையில் அதன் பின்னால் வருபவை யாவும் நிற்கும். சந்தையில் விலை ஏறும். ஆகவே நூறு தொன் கூடுதலாக இழுப்பதைவிட, நாள்தோறும் தவறாது புறப்படுவதையே நான் பெரிதெனக் கொள்வேன்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை பெரலியவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் காவுகொண்ட தொடரை இழுத்துச் சென்றது, ‘மனிரோபா’ என்னும் கனடிய எஞ்சினே. அலை புரட்டிய அதனை மீட்டுத் திருத்தினர். 2008 டிசெம்பர் 26ஆம் நாள் அது மீண்டும் பெரலியவுக்கு ஓடி வந்தது.